செருப்பை வெளியே விடவும்

நான் புனித இராயப்பராக நடித்திருக்கிறேன். சரியாக ஒன்பது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

(இராயப்பர் யார் என்று விழிக்கிற அன்பர்களுக்கு: பேதுரு. அதாவது பீட்டர். மோட்சத்துச் சாவியைக் கையில் வைத்திருப்பவர். எங்கள் வீட்டுப் பெரிசுகளுக்கு அவர் இராயப்பர், பவுல் சின்னப்பர், ஜோசப் சூசையப்பர். எல்லாருமே பக்கத்துத் தெரு மாமாக்கள் மாதிரி.)

2009 கிறிஸ்மஸ். விருதுநகரில் எங்கள் பங்கின் கலைநிகழ்ச்சி. கத்தோலிக்கர்களுக்குப் 'பங்கு' என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த சனங்கள். எனக்கோ அப்போது பி.காம். இரண்டாம் வருஷம், பங்கு என்றால் ஷேர். 'பங்கு வீழ்ச்சி அடைகிறது' என்று சாமியார் பிரசங்கத்தில் வருத்தப்பட்டால் நான் மனசுக்குள் சென்செக்ஸ் பார்ப்பேன். இப்படிப்பட்டவனை நம்பி நாடகம் எழுதச் சொன்னது யார் தப்பு, சொல்லுங்கள்!

நாடகத்துக்குப் போகுமுன் எங்கள் வீட்டுச் சட்டதிட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குத் துறை முழுவதும் அப்பத்தாவின் கையில். வருஷத்தில் 319 நாள் அவள் நல்ல மனுஷி. மிச்சம் 46 நாள் தவக்காலம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வருவாள். கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்களே, அது மாதிரி எங்கள் டி.வி.யையும் பழைய சேலையால் மூடுவாள். சினிமா கிடையாது, பாட்டு கிடையாது, கறி கிடையாது. ஆனால் 'மெட்டி ஒலி' வந்த காலத்தில் தினமும் அந்த நேரத்துக்கு மட்டும் சேலை தானாக விலகும். ''இது என்ன அப்பத்தா?'' என்றால், ''சினிமாதான்டா பாவம். இது குடும்பக் கத'' என்பாள்.

இதில் எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும் கூடுதல் சிலுவை ஒன்று உண்டு. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல்! பங்குனி என்றால் மார்ச், ஏப்ரல். தவக்காலமும் அப்போதுதான். பொங்கலோடு பொருட்காட்சி வரும். ராட்டினம், மரணக் கிணறு, தாம்பாளம் அகலத்துக்கு அப்பளம், மிளகாய் பஜ்ஜி. ஊரே அங்கே கிடக்கும். நாங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் முழங்காலில் சிலுவைப்பாதை. பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஆண்டவர் உயிர்விடும்போது ஜன்னல் வழியாக மரணக் கிணற்றின் மோட்டார் சைக்கிள் சத்தம் வரும். நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். எதற்காக என்பது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

2007ல் பிப்ரவரி 21 விபூதிப் புதன். 23ந் தேதி வெள்ளிக்கிழமை 'பருத்திவீரன்' ரிலீஸ். இரண்டே நாள் வித்தியாசம்! பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த திமிரில் நான் ஒரு கணக்குப் போட்டேன். தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். காலண்டரில் எண்ணினால் 46 வருகிறது. வித்தியாசம் 6. ஆறு ஞாயிற்றுக்கிழமை! ஞாயிறு ஆண்டவருடைய நாள் என்பதால் தவக்காலக் கணக்கில் சேராது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாட்டினி போனால் பாவம் இல்லை. பாலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் டாலி ஆகிவிட்டது. அப்பத்தாவிடம் சமர்ப்பித்தேன்.

வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: ''நாயித்துக்கெழம தவக்காலம் இல்லங்க. அப்ப பூசையில ஏன்டா அல்லேலூயா பாடல?''

உண்மைதான். தவக்காலம் முடிகிற வரை ஞாயிறு பூசையில்கூட அல்லேலூயா கிடையாது. மூன்றாம் வகுப்புத் தாண்டாத ஆடிட்டர் என் கணக்கை ஒரே கேள்வியில் நிராகரித்தாள். என் நல்ல நேரம், ஈஸ்டர் தாண்டியும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

அனுமதிக்கப்பட்ட படங்களும் உண்டு. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா நடித்த 'அன்னை வேளாங்கண்ணி' (1971). அப்புறம் 1948ல் வந்த 'ஞான சௌந்தரி'. வெட்டுப்பட்ட கைகளை மாதா திருப்பிக் கொடுக்கிற இடத்தில் அப்பத்தா எழுந்து நின்றுவிடுவாள். அதே வருஷம் அதே கதையை ஜெமினி வாசனும் எடுத்தார்; எடுபடவில்லை, திரும்பப் பெற்றுக்கொண்டார். ''பின்ன? மாதா எத்தன தடவதான் கை குடுப்பா'' என்பது அப்பத்தாவின் விமர்சனம்.

ஆக, சிரிப்பே தெரியாத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். சந்திரபாபு வந்தால் அவளுக்கு உயிர். தூத்துக்குடிக்காரர், பனிமய மாதா பெயரால் பனிமயதாஸ் என்று பெயர் வைக்கப்பட்டவர், 'நம்ம பிள்ளை' என்பாள். நம்ம பிள்ளை திரையில் எவ்வளவு சேட்டை பண்ணினாலும் பாவம் இல்லை. பக்கத்தில் நான் பண்ணினால் முழங்காலில் நிற்க வேண்டும்.

2006ல் 'டாவின்சி கோட்' வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் தமிழக அரசு படத்துக்குத் தடை போட்டது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதற்குள் எங்கள் பங்கிலும் கண்டனக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். எதற்குப் போடுகிறோம் என்று தெரியாது; முன்னால் நின்றவர் போட்டார், போட்டேன். கையெழுத்து வாங்கிய அண்ணனிடம், ''அப்படி என்னதாண்ணே இருக்கு படத்துல?'' என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ''நாயித்துக்கெழம வீட்டுக்கு வா, சி.டி. இருக்கு'' என்றார். தடை வந்திருக்காவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தின் பெயரே தெரிந்திருக்காது.

இனி, என்னைக் கெடுத்தவரைப் பற்றி. அவரும் ஒரு சாமியார்தான். பெயர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680ல் பிறந்த பெஸ்கி, சேசு சபைக் குரு. 'தேம்பாவணி' எழுதியவர், 'சதுரகராதி' தொகுத்தவர் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்திருப்பீர்கள். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர். எங்கள் அப்பத்தா ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் பரலோக மாதா திருநாளுக்கு என்னை பஸ்ஸில் நசுக்கி அழைத்துப்போகும் அதே காமநாயக்கன்பட்டி! அந்த மனுஷர் 'பரமார்த்த குருவின் கதை' எழுதினார் என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் கண்டுபிடித்தேன்.

குரு ஒருவர். சீடர்கள் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை முக்கிப் பார்க்கிற கோஷ்டி. ஆற்றைக் கடந்ததும் ஆள் எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஆறு பேர் எப்போதும் ஐந்தாகவே வருகிறார்கள். ஒருவனை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டதென்று கரையில் உட்கார்ந்து ஒப்பாரி! நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டேன். 1822ல் இதை லண்டனில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு அச்சடித்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அங்கி போட்ட குருவே குருமாரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், எனக்கென்ன பயம்? அந்தத் தைரியத்தில்தான் கிறிஸ்மஸ் நாடகத்துக்குப் பேனாவை எடுத்தேன்.

இங்கே சிவகாசி சமாசாரம் கொஞ்சம் தெரிய வேண்டும். எங்கள் பங்கில் பாதிப் பேர் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். பட்டாசுக் கம்பெனிகளில் மூன்று ஜாதி. பெரிசு என்றால் நாக்பூர் லைசென்ஸ், நடுத்தரம் சென்னை லைசென்ஸ், சின்னது டி.ஆர்.ஓ. லைசென்ஸ். லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸை வைத்து வந்த பெயர். வாசலில் மடியைத் தடவிப் பார்ப்பார்கள்; பீடி, தீப்பெட்டி, செல்போன் கூடாது. மருந்து ரூமுக்குச் செருப்புப் போட்டுப் போகக் கூடாது, வெளியே கழற்றிவிட வேண்டும். ஒரு ரூமுக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. (வெடிமருந்தோடு வேலை செய்கிறவர்களுக்குத் திருச்சபையில் தனிப் பாதுகாவலியே உண்டு: புனித பார்பரா, திருநாள் டிசம்பர் 4. எங்கள் தெருவில் அந்த அம்மாளை யாருக்கும் தெரியாது. அந்தோணியாரும் வேளாங்கண்ணி மாதாவுமே அவள் டூட்டியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.)

நாடகம் இதுதான். ஒரு பட்டாசுத் தொழிலாளி செத்து மோட்சத்து வாசலுக்கு வருகிறான். இராயப்பர், அதாவது நான், சாவிக்கொத்தோடு போர்மேன் மாதிரி நிற்கிறேன். பஞ்சுத் தாடி, காவிக் கரை போட்ட போர்வை.

''எந்த லைசென்ஸ்?''

''டி.ஆர்.ஓ. சாமி.''

''இது நாக்பூர் லைசென்ஸ் எடம்யா! சென்னை லைசென்ஸ்காரனையே உத்தரிக்கிற ஸ்தலத்துல உக்கார வச்சிருக்கேன். மடியக் காட்டு. பீடி இருக்கா?''

சிரிப்பு. கம்பெனி பஸ் கோஷ்டி விசில் அடித்தது.

''சாமி, ஓரமா ஒரு எடம்...''

''ரூமுக்கு நாலு பேருதான். உள்ள பாரு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். அஞ்சாவது ஆள் ஏறுனா கம்பெனிய சீல் வச்சுருவாங்க!''

பந்தல் அதிர்ந்தது. பங்குச் சாமியார்கூட நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து சிரித்தார், நான் பார்த்தேன். அடுத்து, ''மொதல்ல செருப்பக் கழட்டி வெளிய விடு'' என்றேன். தொழிலாளியாக நடித்தவன் செருப்பைக் கழற்றி மேடை ஓரத்தில் ஜோடியாக வைத்தான். அதற்குப் பெரிய சிரிப்பு வரும் என்று எழுதும்போது நினைத்திருந்தேன். வரவில்லை. பெண்கள் பக்கம் சட்டென்று அடங்கியது. மைக்தான் கோளாறு என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். தட்டும்போதே பேரவை அண்ணாச்சி ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து ஒயரைப் பிடுங்கினார். சாமியார் அதற்குள் முகத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். உடனே குழந்தைகள் தேவதை நடனம்.

மறுநாள் பங்குப் பேரவை விசாரணை. குற்றச்சாட்டு: அப்போஸ்தலரை போர்மேன் ஆக்கியது, நாலு சுவிசேஷகர்களை நாலு கூலியாட்கள் ஆக்கியது. நான் வீரமாமுனிவரை சாட்சிக்கு இழுத்தேன். அண்ணாச்சி அசரவில்லை. ''தம்பி, அவரு சிரிச்சது எவனோ ஒரு மடத்துக் குருவப் பாத்து. நம்ம இராயப்பரப் பாத்து அவரு சிரிக்கலியே? அடுத்த வீட்டுக் குருவப் பாத்துச் சிரிக்கிறதுக்கு ஒரு சாமியாரு எதுக்கு?'' இது வலுவான பாயிண்ட். இன்றைக்கு வரை அதற்கு எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த சாட்சி புனித லாரன்சு. ரோமாபுரியில் அவரை இரும்புக் கம்பிகள் மேல் கிடத்தித் தீயில் வாட்டியபோது, ''இந்தப் பக்கம் வெந்துருச்சு, திருப்பிப் போடுங்க'' என்றாராம். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொன்ன கதை. அதனாலேயே சமையல்காரர்களுக்கும் கோமாளிகளுக்கும் அவர் பாதுகாவலர். ''சாகும்போதே ஜோக் அடிச்சவர பீடத்துல வச்சிருக்கோமே!'' என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த வயசான உபதேசியார் அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்:

''அவரு வெந்தாரு, சொன்னாரு. நீ எங்கய்யா வெந்த?''

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். தண்டனை, ஒரு வருஷம் மேடை ஏறக் கூடாது. பி.காம். படிக்கிற பையனாயிற்றே என்று காணிக்கைக் கணக்கு எழுதும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது சிவகாசி அச்சகங்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக்கொண்டே இடையில் இப்படி எழுதிப் பிழைக்கிறேன். இரண்டு தொழிலுக்கும் அஸ்திவாரம் அந்தத் தீர்ப்புதான்.

பல வருஷம் கழித்து, 2024 ஜூன் 14 அன்று, போப் பிரான்சிஸ் உலகத்துக் காமெடி நடிகர்கள் நூறு பேருக்கு மேல் வத்திக்கானுக்குக் கூப்பிட்டுப் பேசினார். கிறிஸ் ராக், ஊப்பி கோல்ட்பெர்க் எல்லாம் வந்திருந்தார்கள். நல்ல நகைச்சுவை உணர்வு கேட்டுத் தினமும் ஜெபித்துவந்த மனுஷர் அவர். நேசிக்கிறவர்களோடு சேர்ந்து நாம் சிரிப்பது மாதிரி கடவுளைப் பார்த்தும் சிரிக்கலாம், அது தெய்வ நிந்தனை ஆகாது என்றார். ஆகா, கேஸ் ஜெயித்துவிட்டது, அண்ணாச்சிக்குப் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று எழுந்தே விட்டேன். ஆனால் செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது. விசுவாசிகளின் மனசை, அதிலும் ஏழைகளின் மனசை, நோகடிக்காமல் இதைச் செய்ய முடியும் என்றும் சொல்லியிருந்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஓர் அத்தையின் ஞாபகம் வந்தது.

சொந்த அத்தை இல்லை. பங்கில் ஒரு வயசுக்கு மேல் எல்லாரும் அத்தைதான். வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவர். நாடகத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு காலை நேரம் மருந்து உராய்ந்து ரூமோடு போய்விட்டார். ஒரு மகள். அத்தை காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். சாவு வீட்டுக்கே போய் வந்தவன்தான். தெரிந்தும், எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

2010 ஜனவரி 1. நடுச்சாமப் பூசை முடிந்து கோயில் வாசலில் மேஜை போட்டுக் காணிக்கை ரசீது எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் கரைந்த பிறகு அத்தை வந்தாள். இறந்தவர் பூசைக்கு என்று பணம் கொடுத்தாள். பெயர் கேட்டு எழுதினேன். ரசீதை வாங்கி நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

''ஏய்யா, நீதான இராயப்பரு?''

''ஆமா அத்த.'' தலை நிமிரவில்லை நான்.

''பாதில நிப்பாட்டிட்டாங்களே. பெறகு என்னாச்சு? அந்தாள உள்ள விட்டாரா, விடலயா?''

வாசகர்களே, நான் எழுதி வைத்திருந்த முடிவு இது. இராயப்பர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொல்கிறார்: ''இங்க அடுப்புகூடக் கெடையாது. நெருப்பு வேல தெரிஞ்ச ஆளு வேணும்னு கீழ கேட்டுக்கிட்டே இருக்காங்க. உனக்கு அனுபவம் இருக்கு, போ!'' ஒரே தள்ளு. திரை. இதை எழுதின அன்று டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணாச்சி ஒயரைப் பிடுங்கியது இராயப்பருக்காக. இந்த வரிக்காக இல்லை. அது அவருக்குத் தெரியவே தெரியாது. பிடுங்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நிமிஷத்தில், முன் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த அத்தைக்கு நேராக நின்று, மைக்கில் அதைச் சொல்லியிருப்பேன். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் செத்த அன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வரிதான். லைசென்ஸ் ஜோக்கை அதற்குப் பிறகு நான் எங்கேயும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் தடவை.

''விட்டுட்டாரு அத்த'' என்றேன்.

''நாலு பேரு இருக்காங்கன்னு சொன்னாரே?''

''லூக்கா எந்திரிச்சு எடங்குடுத்துட்டாரு.''

''அவரு எங்க போனாரு?''

''அவரு டாக்டருல்ல அத்த, டூட்டிக்குப் போயிட்டாரு.''

அத்தையின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்கு அடுத்த கேள்வி தெரிந்துவிட்டது. அந்த வெடியில் ரூம் இல்லை, ஆள் முழுசாக இல்லை. வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மட்டும் ஜோடியாக அப்படியே இருந்தது. கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதுதான்.

''செருப்பக் கழட்டச் சொன்னாரே'' என்றாள் அத்தை.

நான் ரசீது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

''அது எங்கிட்டல்ல இருக்கு. மனுசன் வெறுங்காலோடதான் போயிருப்பாரு.'' மணிபர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டாள். ''உங்க இராயப்பருக்கு ஒரு வேல மிச்சம்!''

சொல்லிவிட்டு முதலில் சிரித்தது அவள்தான்.